பாட்டு டீச்சர் வீட்டுக் கதவு எப்பவும் திறந்தே இருக்கணுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள்ல பாட்டு, வாத்தியம் சொல்லித் தர்றவங்க எழுதினதை மட்டும் தனியா எடுத்து வெச்சேன். மூணுமே நம்ம டெல்டா ஊருங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் நானும் இதே வேலைதான் பாத்தேன், அதனால முதல் கடிதத்துக்கு கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அக்கா, நான் பாபநாசம் பக்கத்துல அரசுப் பள்ளியில பகுதிநேர இசை ஆசிரியை. திருவையாறு இசைக் கல்லூரியில படிச்சேன். ஸ்கூல்லேர்ந்து வந்து அஞ்சரைக்கு வீட்ல கிளாஸ் ஆரம்பிச்சா எட்டரை ஆயிடும், சனி ஞாயிறும் பசங்க வருவாங்க. மாமியார் "கூடத்துல உக்காந்து பாடிட்டு இருக்கறதுக்குப் பேரு வேலையா"ங்குறாங்க. வீட்டுக்காரர் விவசாயம், தை மாசம் சம்பா அறுவடைன்னா என்னால நகர முடியாது, அதனால திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போறதே விட்டுப்போச்சு. கூடப் படிச்சவங்க எல்லாம் வருஷா வருஷம் ஒண்ணா உக்காந்து பஞ்சரத்னம், அதான் தியாகராஜரோட அஞ்சு கீர்த்தனை, பாடுவோம். இப்ப வாட்ஸப் குரூப்ல ஒருத்தி "அவ பிஸி, அவளைக் கூப்பிடாதீங்க"ன்னு போட்டுட்டா, அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. சாயங்காலம் ஆனா தொண்டை வேற கம்மிப் போகுது. எதை விடறது, எதைப் பிடிக்கறது? — பெயர் வேண்டாம், பாபநாசம்

எல்லாத்தையும் சொல்லிட்டு கடைசில போற போக்குல தொண்டையைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன். மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மலா இருந்தா அதிமதுரம், மிளகுக் கஷாயம்னு தள்ளிப் போடாதீங்கம்மா, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாத்துடுங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்லயே அந்தப் பிரிவு இருக்கு. குரல் நாண்ல சின்னத் தடிப்பு வர்றது டீச்சருங்களுக்கும் பாடுறவங்களுக்கும் ரொம்ப சகஜம், ஆரம்பத்துலயே பாத்தா பேச்சுப் பயிற்சிலயும் ஓய்வுலயுமே பெரும்பாலும் சரியாயிடும். ஓய்வுன்னா குசுகுசுன்னு பேசுறதும் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும்.

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா கேக்குறேன். சின்னப் பசங்களுக்கு உசத்தியா ஆறு கட்டைல சுருதி வெச்சுட்டு, உங்க குரல் நாலரையோ அஞ்சோ, நீங்களும் மூணு மணி நேரம் அவங்களோட சேர்ந்தே அந்த ஆறு கட்டைல ஜண்டை வரிசை மாதிரி ஆரம்பப் பாடமெல்லாம் பாடுறீங்களா? நிறைய டீச்சருங்க இதைத்தான் பண்றாங்க. ஒரு தடவை பாடிக் காட்டிட்டு நிறுத்திடுங்க. நல்லா வர்ற பொண்ணை முன்னாடி உக்கார வெச்சுப் பாட விடுங்க, மத்தவங்க தாளம் போட்டுக்கிட்டு திருப்பிச் சொல்லட்டும், நீங்க காதால கேட்டுத் திருத்துங்க. கிளாஸ் கெட்டுப் போகாது, பாக்கப்போனா பசங்க காது இன்னும் கூர்மையாகும்.

அடுத்தது சாதகம், அதான் நமக்காக நாமளே பாடிப் பழகறது. உங்க கடிதம் முழுக்க ஸ்கூல் இருக்கு, டியூஷன் இருக்கு, மாமியார், அறுவடை, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருக்கு, நீங்க உங்களுக்காகப் பாடுற நேரம்னு ஒரு வரி கூட இல்ல. எனக்கு மனசு கஷ்டமா இருந்தது அதுதான். பாட்டு டீச்சர் வாழ்க்கைல நேரம் பத்தலைன்னா மொதல்ல வெட்டுப்படுறது சொந்த சாதகம்தான், ஏன்னா அதுக்கு யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க, ஃபீஸும் கிடையாது. ஆனா அது போச்சுன்னா நாள் பூரா ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையிலயே சுத்திச் சுத்தி வந்து, தோடி மாதிரி ஒரு பெரிய ராகத்தை நிதானமா ஆலாபனை பண்ணியே வருஷக் கணக்காச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் சேரும், அந்த எரிச்சல்தான் மாமியார் சொல்ற ஒரு வார்த்தைக்கும் ஃப்ரெண்ட் போடுற ஒரு மெசேஜுக்கும் வெடிக்கும். அதனால எதை விடறதுன்னு கேட்டீங்கள்ல, வாரத்துல ஒரு சாயங்கால கிளாஸை விடுங்க. வியாழனோ வெள்ளியோ, அன்னிக்கு யார் வந்தாலும் கிளாஸ் இல்ல. காலைல அரை மணி நேரம் தம்புரா ஆப்பைப் போட்டுட்டு மெதுவா கீழ் ஸ்தாயில பாடுங்க, அதுவும் டாக்டர் சரின்னதுக்கு அப்புறம்.

பணம் குறையுமேன்னு யோசிப்பீங்க, எனக்குத் தெரியாம இல்ல. பகுதிநேர ஆசிரியர்களை 2012-ல எடுக்கும்போது வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய்தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. மே மாசம் சம்பளம் இல்லாம இவங்க பட்ட பாட்டை நேர்ல பாத்தவ நான். அந்த அரை நாள்லயும் காலைல பிரேயர்ல தமிழ்த்தாய் வாழ்த்து, ஆண்டு விழா, கலைத் திருவிழா வந்துட்டா வில்லுப்பாட்டுலேர்ந்து குழுப்பாட்டு வரைக்கும் எல்லாம் பாட்டு டீச்சர் தலைலதான். அதனாலதான் சொல்றேன், வீட்டு கிளாஸுக்கு ஃபீஸை ஏத்துங்க. விஜயதசமிக்கு புதுசா சேர்றவங்ககிட்டேர்ந்து ஆரம்பிச்சா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. மாமியாருக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. மாசம் பொறந்ததும் ஃபீஸ் பணத்துல ஒரு பங்கை அவங்க கையில குடுத்து "அத்தை, மளிகைக்கு வெச்சுக்குங்க"ன்னு சொல்லுங்க, இது வேலையா இல்லையாங்குற பேச்சு அங்கேயே பாதி அடங்கிடும். கிளாஸ் நேரத்துல அடுப்பை யார் பாக்குறதுங்குறதை மட்டும் வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு நேரா பேசிடுங்க, சாடை வேண்டாம்.

ஆராதனை விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதமாவே சொல்வேன். ஆராதனை நடக்குற புஷ்ய பகுள பஞ்சமி திதி என்னிக்குன்னு பஞ்சாங்கம் வந்த உடனே தெரிஞ்சுடும், அறுவடை தேதி அப்படி இல்ல, மெஷின் கிடைக்கிறதைப் பொறுத்து முன்ன பின்ன ஆகும். அதனால கார்த்திகையிலயே வீட்டுக்காரர்கிட்ட "அந்த ஒரு நாள் நான் திருவையாறுல இருப்பேன்"னு சொல்லி வைங்க. இப்ப மெஷின் அறுவடைங்குறதால முன்ன மாதிரி அறுப்பாளுன்னு கூட்டத்துக்கு வடிச்சுக் கொட்டுற வேலையும் இல்ல. பாபநாசத்துலேர்ந்து திருவையாறு என்ன சீமைக்கா போறோம்? பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா 1920கள்ல சொந்தப் பணத்தைப் போட்டு தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினாங்க, அப்ப அங்க பொம்பளைங்களைப் பாட விட மாட்டாங்க, அவங்க பெண்களைத் தனியா ஒரு குழுவாச் சேர்த்துப் பாட வெச்சுத்தான் அந்த வழியைத் திறந்தாங்க. இன்னிக்கு பஞ்சரத்னம் நாட்டை ராகத்துல ஆரம்பிச்சு ஸ்ரீராகத்துல முடியுற வரைக்கும் நாமளும் அந்த வரிசைல உக்காந்து பாடுறோம்னா ஒருத்தங்க போராடி வாங்கிக் குடுத்த இடம்மா அது.

ஃப்ரெண்ட் போட்ட மெசேஜுக்கு குரூப்ல பதில் போடாதீங்க. போன் பண்ணுங்க. "நான் வராதது உன் மேல அக்கறை இல்லாம இல்லடி, என் வீட்டு நிலைமை இது, தொண்டையும் சரியில்ல"ன்னு அப்படியே சொல்லுங்க. இத்தனை நாள் அவங்களுக்கு நீங்க காரணமே சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன், "பாக்கலாம்"னு மட்டும் போட்டிருப்பீங்க. அடுத்த ஆராதனைக்கு பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க அவங்களையே.

அக்கா, மயிலாடுதுறைல மிருதங்கம் சொல்லித் தர்றேன். ஃப்ரெண்ட்ஸ் வீட்டு வளைகாப்பு, கிரகப்பிரவேசம்னா "மச்சான் வந்து வாசிச்சுட்டுப் போடா, நமக்குள்ள என்ன காசு"ங்குறாங்க. ஒருத்தன் பையனுக்கு ரெண்டு வருஷமா சும்மாவே கிளாஸ் எடுக்கறேன். கேட்டா நட்பு போயிடுமோன்னு இருக்கு.

தம்பி, உங்க ஃப்ரெண்ட்ஸ் கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு உங்க செலவு தெரியாது. மிருதங்கத்தோட வலது பக்கம், வலந்தலைக்கு, தோல் மூட்டு மாத்தி, வார் இழுத்துப் பிடிச்சுட்டு வர்றதுக்கு எவ்வளவு ஆகுதுன்னு மிருதங்கத்தைத் தூக்கிட்டுப் போகும்போது அந்த நண்பரையும் ஒரு தடவை வண்டில ஏத்திக்கிட்டுப் போங்க, பட்டறைல உக்காந்து பாக்கட்டும். விசேஷத்துக்கு வாசிக்கறதுல ரொம்ப நெருங்கினவங்க வீட்டுக்கு மட்டும் உங்க சீரா நினைச்சு சந்தோஷமா வாசிங்க, அதை வாய்விட்டு "இது என் மொய்"னு சொல்லிட்டே வாசிங்க. மத்தவங்களுக்கு கூடப் பாடுறவங்க, வயலின் எல்லாரோடயும் சேர்த்து ஒரே தொகையா சொல்லிடுங்க, கூட வர்றவங்க வயித்துல அடிக்க முடியாதுங்குறது எல்லாருக்கும் புரியும். பையன் கிளாஸுக்கு மட்டும் அடுத்த மாசத்துலேர்ந்து ஃபீஸ் வாங்கியே ஆகணும். சும்மா வர்ற பையன் சாதகம் பண்ண மாட்டான், நீங்களும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே சொல்லிக் குடுப்பீங்க, நட்பு அதுலதான் தேயும்.

திருவாரூர்லேர்ந்து எழுதறேன். நான் வாய்ப்பாட்டு டீச்சர். என் பொண்ணுக்கு பத்து வயசு, நல்ல ஞானம். ஆனா என் கிளாஸ்ல உக்காந்தாலே அழறா, "எல்லாரையும் விட்டுட்டு என்னை மட்டும் திட்டறே"ங்குறா. என்ன செய்ய?

வேற டீச்சர்கிட்ட அனுப்புங்க, இந்த வாரமே. அவ சொல்றது நெசமாத்தான் இருக்கும், மத்த பசங்க அபஸ்வரம் பாடினா சிரிச்சுக்கிட்டே திருத்துவோம், பெத்த பொண்ணு பாடினா மானம் போன மாதிரி பதறுவோம். வராளி ராகத்தை குரு நேரடியா சொல்லிக் குடுத்தா உறவு முறிஞ்சிடும்னு பெரியவங்க சொல்வாங்கள்ல, அம்மா பொண்ணுக்கு நடுவுல சில வருஷம் எல்லா ராகமும் அப்படித்தான் ஆகுது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பொறந்த ஊர்ல இருந்துக்கிட்டு நல்ல வாத்தியாருக்கா பஞ்சம்? பக்கத்துல பசங்களுக்குப் பாட்டு, கலையெல்லாம் சொல்லித் தர்ற அரசு ஜவகர் சிறுவர் மன்றம் இருந்தாலும் விசாரிங்க, 5 வயசுலேர்ந்து 16 வரைக்கும் சேத்துப்பாங்க, அவ வயசுப் பசங்களோட சேர்ந்து பாடறது அவளுக்கும் பிடிக்கும்.

வீட்ல வெள்ளிக்கிழமை விளக்கேத்தும்போது மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு பாடுங்க, எதுன்னு அவ சொல்லட்டும். காந்தார ஸ்வரம் கொஞ்சம் ஏறிப்போனாலும் அன்னிக்கு நீங்க திருத்தாதீங்க, அதை அவ டீச்சர் பாத்துப்பாங்க.