நெப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு மீன் எண்ணெய் கொடுத்து டாக்ரோலிமஸைக் குறைக்கலாமா?

உங்கள் கேள்வி இது: 7 வயதுப் பையனுக்கு நெப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் சிறுநீரக நோய். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் வீக்கம் திரும்புகிறது. இப்போது நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் 420. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு, டாக்ரோலிமஸைக் குறைக்கவும் கொலஸ்ட்ராலை இறக்கவும் உதவுமா?

மருந்தைக் குறைக்க உதவாது. கொலஸ்ட்ராலுக்கும் அது முதல் வைத்தியம் அல்ல.

அந்த 420 பலகாரம் தின்று வந்ததல்ல. சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் ஒழுகுகிறது. அதை ஈடுகட்ட ஈரல் அல்புமினைக் கூடுதலாகச் செய்யும்போது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களையும் சேர்த்தே அதிகம் செய்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைச் சுமப்பதே அல்புமின்தான். அது குறைந்தால் மிச்சமிருக்கும் அல்புமின்மேல் சுமை ஏறும். உடனே ஆஞ்ஜியோபொயெட்டின் லைக்-4 என்ற புரதம் கூடி, ட்ரைகிளிசரைடை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். ஸ்டீராய்டு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றும். ஒழுக்கு நின்றால் இவை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளுக்குப் பொதுவாக ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தைக் கொடுக்காததும் இதனால்தான்.

சிறுநீரகத்துக்கு மீன் எண்ணெய் நல்லது என்ற பேச்சு ஐஜிஏ நெப்ரோபதி என்ற வேறொரு நோயிலிருந்து வந்தது. 1994-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில் தினம் 12 கிராம் மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது மெதுவானது. ஆனால் குழந்தைகளையும் இளவயதினரையும் வைத்து அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தினம் 4 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களும் சரி, ஒருநாள் விட்டு ஒருநாள் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களும் சரி, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மேலாக இல்லை.

அளவையும் பாருங்கள். 1000 மி.கி. என்று போட்ட சாதாரண மீன் எண்ணெய்க் குளிகையில் ஒமேகா-3 வகைகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் ஒமேகா-3. அந்த 12 கிராம் எண்ணெயில் இருந்ததோ ஏறக்குறைய 3.3 கிராம். அதை எட்ட 11 குளிகை வேண்டும், ஏழு வயதுப் பிள்ளைக்கு! மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ உண்டு, சிறுநீரக வேலை குறைந்திருந்தால் அது உடம்பில் தங்கிவிடும். வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ உப்புக் குறைத்துக் குழம்பு வையுங்கள், தாராளமாகப் போதும். கருவாடும் ஊறுகாயும் வீக்கத்தைக் கூட்டும்.

கொழுப்பு உண்மையில் குறுக்கே வரும் இடம் டாக்ரோலிமஸை விழுங்கும் நேரம். எண்ணெய் மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் சேரும் மருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2-3 மணி நேரம் பின்போ கொடுங்கள். காலை 8, இரவு 8 என்று 12 மணி நேர இடைவெளி மாறக் கூடாது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.2 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் காலை வேளை மருந்தைக் கொடுக்காமல் கூட்டிப் போங்கள், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். கொடுத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், மருத்துவர் தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார், அடுத்த மாதம் வீக்கம் வரும். பெரும்பாலும் ஒரு மில்லி ரத்தத்தில் 4 முதல் 8 நானோகிராம் வரை இருக்கப் பார்ப்பார்கள்.

கடையில் வேறு கம்பெனியின் டாக்ரோலிமஸ் குளிகை தந்தால் வாங்காதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மறுபடி அளவு பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் ஏறும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், பம்பளிமாசு ஆகியவையும் ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும் அடியோடு இறக்கிவிடும். சளிக்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும் டாக்ரோலிமஸ் பெயரை முதலில் சொல்லுங்கள்.

அளவு அதிகமானால் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் சுருங்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம், ரத்த அழுத்தம் மூன்றும் ஏறும், கை நடுங்கும். ஆகவே இவற்றையும் சர்க்கரையையும் சேர்த்தே பார்க்கச் சொல்வார்கள்.

வீட்டில் காலையில் முதலில் போகும் சிறுநீரில் புரதம் காட்டும் சோதனைப் பட்டையை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பட்டையில் புரதம் 3+ என்று வந்தால் நோய் திரும்பிவிட்டது, முகம் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மை உள்ள குழந்தையோடு பழகிவிட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இந்த மருந்து ஓடும்போது அவரைக் கேட்காமல் போடக் கூடாது.