பழைய பைக்கின் கனெக்டர்களை அடையாளம் காண்பது: கேள்வி பதில்

பழைய பைக்கின் வயரிங் குறித்து வந்த கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எந்தக் கனெக்டரையும் பிரிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருபுறமும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். கேள்வி அனுப்பியவர்களில் பாதிப்பேர் எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் அனுப்பியிருக்கிறீர்கள்!

டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். விதவிதமாகப் பத்துப் பதினைந்து கனெக்டர்கள். எது என்ன வகை என்று எப்படிச் சொல்வது?

பிளாஸ்டிக்கை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். பழைய பைக்கில் பெரும்பாலும் மூன்றே குடும்பங்கள்தான். உருண்டையாக, துப்பாக்கிக் குண்டு போன்ற முனை இருந்தால் புல்லட். தட்டையான தகடாக இருந்தால் பிளேடு. போல்ட் நுழையும் வளையமாக இருந்தால் லக். இதில் லக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை, பேட்டரியிலும் ஸ்டார்ட்டர் ரிலேயிலும், வயரை பைக்கின் சட்டத்தோடு (ஃபிரேம்) இணைக்கும் எர்த் போல்ட்டிலும் கண்ணெதிரே இருக்கும்.

பிளேடு வகைக்கு வெர்னியர் காலிப்பர் வேண்டும். தகட்டின் அகலம்தான் அதன் பெயர். 6.3 மி.மீ. இருந்தால் 250 வரிசை, 4.8 என்றால் 187, 2.8 என்றால் 110. எண்கள் வேறொன்றுமில்லை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 0.25 அங்குலம்தான் 6.3 மி.மீ. பிற்கால பைக்குகளில், வயர் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பு வைத்த 090 வரிசை உண்டு. அதன் தகடு 2.3 மி.மீ. 110 வரிசைக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள், நான் உட்பட.

அகலம் தெரிந்த பிறகு பின்களின் எண்ணிக்கை, அவை அடுக்கப்பட்ட விதம், பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் மாற்றுக் கனெக்டர் தேடலாம்.

கடையில் வாங்கிய புல்லட் முனைகள் என் ஜப்பானிய பைக்கில் சரியாக உட்காரவில்லை. சிவப்பு உறை போட்டது முரண்டு பிடிக்கிறது, நீல உறை போட்டது நுழையவே இல்லை.

நுழையாது. ஜப்பானிய புல்லட் 3.9 மி.மீ. பழைய பிரிட்டிஷ் பைக்கில் இருப்பது 4.7 மி.மீ. நீங்கள் வாங்கிய வண்ண உறைப் பெட்டியில் சிவப்பு 4 மி.மீ., நீலம் 5 மி.மீ. அந்தச் சிவப்பை அழுத்தித் திணித்தால் போய்விடும், ஆனால் எதிர்ப்பக்கத்துக் குழல் விரிந்துவிடும். பிறகு சரியான 3.9 போட்டாலும் ஆடும். உறையில்லாத பித்தளை 3.9 முனையும் அதற்கான தனி பிளாஸ்டிக் ஸ்லீவும் வாங்குங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய முறையில் ஒரு வயரில் ஆண் முனை, எதிர் வயரில் பெண் குழல். பழைய பிரிட்டிஷ் முறையில் இரண்டு வயரிலும் ஆண் முனைதான். நடுவில் கறுப்பு ரப்பருக்குள் இரட்டைக் குழல் தனியாக இருக்கும். அதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, ‘பெண் முனையைக் காணோம்’ என்று தேடியவர்கள் இருக்கிறார்கள்.

ஆண் கனெக்டர், பெண் கனெக்டர் என்பதிலேயே குழப்பம். பெரிய கூடு பெண்ணா, அதற்குள் போவது பெண்ணா?

கூட்டை வைத்து முடிவு செய்தால் தவறான பொருள்தான் வந்து சேரும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் ஆண், அதை வாங்கிக்கொள்ளும் உலோகம் பெண். பெரிய கூட்டுக்குள் ஆண் பின்கள் இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

இதிலேயே ஒரு துப்பும் இருக்கிறது. மின்சாரம் வரும் பக்கத்தில் பெண் முனையை வைப்பது நல்ல வயரிங்கின் விதி. கழன்று தொங்கினாலும் சட்டத்தில் உரசித் தீப்பொறி பறக்காது. ஆகவே உறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் புல்லட்டில் பேட்டரி மின்சாரம் நேராக வந்தால், உங்களுக்கு முன் யாரோ அந்த வயரிங்கில் கை வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

வயரின் நிறத்தைப் பார்த்து அது எதற்கானது என்று சொல்ல முடியுமா? என் பைக்கில் பச்சை எர்த். நண்பனுடையதில் கறுப்பு எர்த்.

முடியும். ஆனால் அந்தந்த நிறுவனத்தின் பைக்குக்குள் மட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஹோண்டா, நண்பருடையது யமஹா.

ஹோண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, சாவி திருப்பினால் உயிர் பெறுவது கறுப்பு. யமஹாவில் கறுப்பு எர்த், சிவப்பு பேட்டரி, சாவிக்குப் பின் பழுப்பு. சுசுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு எர்த், சாவிக்குப் பின் ஆரஞ்சு. கவாசாகியில் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு எர்த், சாவிக்குப் பின் பழுப்பு. பழைய கவாசாகிகளில் பேட்டரியிலிருந்து வரும் முக்கிய வயர் வெள்ளை. ஹோண்டாவின் கறுப்பும் யமஹாவின் கறுப்பும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். யமஹாவில் கை பழகியவர் ஹோண்டாவின் கறுப்பை எர்த்தில் இணைத்தால் ஃபியூஸ் போவது நிச்சயம்.

விளக்குகளுக்கும் இப்படித்தான். ஹோண்டாவில் வலது இண்டிகேட்டர் வெளிர் நீலம், இடது ஆரஞ்சு, பின் விளக்கு பழுப்பு, பிரேக் விளக்கு மஞ்சள் கோடு போட்ட பச்சை. யமஹாவில் வலது கரும்பச்சை, இடது அடர் பழுப்பு, ஹாரன் இளஞ்சிவப்பு. பழைய வயரில் அடர் பழுப்பும் சாதாரணப் பழுப்பும் வெளியே வெயில் பட்டு ஒன்றாகியிருக்கும். டேப்பைக் கொஞ்சம் பிரித்து, வெளிச்சமே படாத இடத்தில் நிறத்தைப் பாருங்கள்.

வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘பி.எல்.’ என்ற சுருக்கம் ஹோண்டா வரைபடத்தில் கறுப்பு, சுசுகியிலும் கவாசாகியிலும் நீலம். யமஹாவில் கறுப்பு ‘பி’, நீலம் ‘எல்’. இந்தப் பொறியில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க நீல வயரைப் பின்தொடர்ந்து, ஹெட்லைட் கூட்டுக்குள் பதினொரு கனெக்டரைப் பிரித்து, மாலையில்தான் வரைபடத்தின் மூலையில் இருந்த நிறப் பட்டியலைப் படித்தேன். முதலில் படிக்க வேண்டியது அந்த மூலையைத்தான்.

என்னுடையது பழைய பிரிட்டிஷ் பைக். சிவப்பு வயரை பேட்டரி பாசிட்டிவ் என்று நினைத்தேன், அது நேராகச் சட்டத்துக்குப் போகிறது. யாராவது மாற்றிவிட்டார்களா?

இல்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் நிற முறையில் அந்த எர்த் வயர் சிவப்பு. பேட்டரியிலிருந்து வரும் உயிர் வயர் பழுப்பு, சாவிக்குப் பின் வெள்ளை, ஹெட்லைட் ஹை பீம் வெள்ளைக் கோடு போட்ட நீலம், லோ பீம் சிவப்புக் கோடு போட்ட நீலம். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் எடுக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பைக்கில் அது பாசிட்டிவ் முனை என்பதுதான் வேறுபாடு. அவசரப்பட்டு பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையரும் டயோடும் ஒரே நொடியில் போய்விடும்.

ஜெர்மன் பைக்கின் சுவிட்சில் 15, 30, 31 என்று எண்கள் மட்டும் இருக்கின்றன. வயர் நம்பரா?

வயர் நம்பர் இல்லை, முனையின் வேலை. 30 பேட்டரி பாசிட்டிவ், 15 சாவிக்குப் பின், 31 எர்த், 49 இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃபிளாஷருக்குள் போவது, 49ஏ அதிலிருந்து வெளிவருவது, 56ஏ ஹை பீம், 56பி லோ பீம். டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரம் இது. ஜெர்மன் வயரிங்கில் எர்த் பழுப்பு நிறம். யமஹாவில் பழகிய கைக்கு இதுவும் ஒரு பொறி. ஆனாலும் எல்லா நிறுவனமும் இப்படி எண் போட்டிருந்தால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது.

மூன்று மஞ்சள் வயர்கள் போகும் வெள்ளைக் கனெக்டர் உருகிப் பழுப்பாகிவிட்டது. எதற்கானது? எந்த மஞ்சளை எதில் இணைப்பது?

எந்த மஞ்சளை எதில் இணைத்தாலும் சரிதான். என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து ரெக்டிஃபையருக்கு மாறுதிசை மின்சாரத்தைக் கொண்டுபோகும் மூன்று கட்டங்கள் (ஃபேஸ்) அவை. பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது. சில பைக்குகளில் மூன்றும் வெள்ளையாக இருக்கும். அதே இடத்திலிருந்து மெல்லிய வேறு நிற வயர் இரண்டு வந்தால் அது தீப்பொறிக்கான நேரத்தைச் சொல்லும் இக்னிஷன் பிக்கப். அதை இதோடு கலக்காதீர்கள்.

உருகிய காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 ஆம்பியர் ஓடும் பின்னில் துரு ஏறி 0.1 ஓம் தடை வந்தால், அங்கே மட்டும் 22 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு பிரேக் பல்பை எரியவிட்டு அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்ததற்குச் சமம். சூடு ஏறினால் பெண் முனையின் பிடிப்புத் தளரும். பிடிப்புத் தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. கடைசியில் பிளாஸ்டிக் இளகும்.

கனெக்டரை மாற்றும் முன் ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரைப் பிரித்து, மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றுபோல, பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்த மஞ்சளுக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. பிரித்த நிலையிலேயே என்ஜினை ஓட்டி ஏ.சி. வோல்ட் அளந்தாலும் மூன்று ஜோடியும் சமமாக ஏற வேண்டும். அந்த நேரத்தில் முனைகளைக் கையால் தொடாதீர்கள், வேகம் கூட்டினால் பல பத்து வோல்ட் வரும்.

பிறகு கருகிய வயரை, உள்ளே செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதிய 6.3 மி.மீ. முனை போடுங்கள். இருபுறமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக்கினால் மறுபக்கத்துப் பழைய முனை புதியதையும் கெடுத்துவிடும். கனெக்டரே வேண்டாம் என்று மூன்றையும் நிரந்தரமாக இணைத்துவிடுபவர்களும் உண்டு. ஸ்டேட்டரை அடிக்கடி கழற்றாதவருக்கு அது தவறில்லை.

ஹெட்லைட் கூட்டுக்குள் எதிலும் சேராத இரண்டு கனெக்டர்கள் தொங்குகின்றன. ஏதோ விட்டுப்போயிற்றா?

எல்லா விளக்கும் எரிகிறதென்றால் பயப்பட வேண்டாம். ஒரே வயர் கொத்தைப் பல நாடுகளுக்கான மாடல்களுக்கும் பயன்படுத்துவார்கள். ஒரு நாட்டில் பார்க்கிங் விளக்கு கட்டாயம், இன்னொன்றில் இல்லை, முனை மட்டும் காலியாகத் தொங்கும். மீட்டரில் அளந்து, மின்சாரம் வருவதாக இருந்தால் மூடி போட்டுக் கட்டிவையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதே என்று மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

கூட்டிலிருந்து பின்னை வெளியே எடுக்க முடியவில்லை அண்ணா. இழுத்ததில் வயர்தான் கையோடு வந்துவிட்டது.

தம்பி, முதலில் இழுக்கக் கூடாது, உள்ளே தள்ள வேண்டும். 110, 250 வரிசை முனைகளில் சிறிய உலோக நாக்கு ஒன்று விரிந்து பிளாஸ்டிக் படியில் மாட்டியிருக்கும். வயரை உள்நோக்கித் தள்ளினால் நாக்கின் மேல் உள்ள அழுத்தம் விடும். அப்போது முன்பக்கத்திலிருந்து மெல்லிய தட்டை ஊசியை விட்டு நாக்கை அமுக்கிக்கொண்டு, வயரை மெதுவாகப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். திரும்பப் போடும் முன் நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்திவிடுங்கள். ரப்பர் அடைப்புள்ள புது வகையில் நாக்கு பெரும்பாலும் பிளாஸ்டிக் கூட்டிலேயே இருக்கும். அங்கே பலம் காட்டினால் கூடு உடையும்.

ஈயம் வைத்துப் பற்றுவதா, கிரிம்ப் செய்வதா?

கிரிம்ப், அதாவது முனையின் இறக்கைகளை வயரின் மேல் மடக்கி இறுக்குவது. ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறி அதைக் கம்பிபோல் விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு வயர் ஒடியும். திறந்த வகை முனையில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருப்பதைப் பாருங்கள். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி மேலுறையைப் பிடிக்க. சாதாரண இடுக்கியால் நசுக்காமல், இறக்கைகளை உள்நோக்கிச் சுருட்டும் கிரிம்ப் கருவியை வாங்குங்கள்.

மீட்டரில் பீப் சத்தம் வருகிறது, இணைப்புகள் எல்லாம் சரி. ஆனாலும் விளக்கு மங்கல்.

பீப் சத்தம் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் வரும். விளக்கை எரியவிட்டு, கனெக்டரின் இருபுறமும் மீட்டர் முனைகளை வைத்து டி.சி. வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்புதான் திருடுகிறது. எர்த் பக்கத்தையும் இப்படியே அளக்க மறக்காதீர்கள், சட்டத்துக்குப் பெயின்ட் அடித்தவர் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் அடித்திருப்பார். உங்களுடையது 6 வோல்ட் பைக் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு 21 வாட் பல்பின் வழியில் அரை ஓம் தடை இருந்தால் 12 வோல்ட் பைக்கில் சுமார் 0.8 வோல்ட் போகும், 6 வோல்ட்டில் சுமார் 1.4. இருப்பதே ஆறு, அதில் கால்வாசி வழியிலேயே காலி.

சுத்தம் செய்த பிறகு கிரீஸ் தடவலாமா?

சிலிக்கான் கிரீஸ், கொஞ்சமாக. அது மின்சாரத்தைக் கடத்தாது, ஈரம் நுழையாமல் தடுக்கும். முனைகள் இறுக்கமாகப் பொருந்தும் இடத்தில் தானே விலகிக்கொள்ளும். தளர்ந்த முனைக்கு அதைத் தடவிப் பயனில்லை, முதலில் முனையை மாற்றுங்கள்.