ஹெம்ப், சிபிடி, டெல்டா-8: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஹெம்ப் (போதைப் பொருள் மிகக் குறைந்த கஞ்சாச் செடி) பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேதியியலாளராக வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஹெம்ப் பற்றிய சட்டமே வேதியியல் எண்களை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: கேஸ் ஸ்டேஷனில் டெல்டா-8 என்ற போதைப் பொருள் கலந்த கம்மி மிட்டாயை வெளிப்படையாக விற்கிறார்கள். கஞ்சாவுக்குத் தடை, இதற்கு மட்டும் அனுமதி எப்படி?

2018 டிசம்பரில் கையெழுத்தான ஃபார்ம் பில் என்ற வேளாண் சட்டம், கஞ்சாச் செடியை இரண்டாகப் பிரித்தது. கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருளான டெல்டா-9 டிஎச்சி, உலர் எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது ஹெம்ப், தாண்டினால் மரிஹுவானா, அதாவது தடைசெய்த கஞ்சா. ஹெம்பின் சாறு, அதிலுள்ள கன்னபினாய்டுகள் (டிஎச்சி போன்ற கஞ்சாச் செடி வேதிப்பொருட்கள்), ஐசோமர்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) எல்லாவற்றையும் அந்த விளக்கத்துக்குள் சேர்த்தார்கள்.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1976-ல் எர்னெஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்கிவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்தப் போட்ட கோடு அது. எவ்வளவு சாப்பிட்டால் போதை ஏறும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 4 கிராம் கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். கொலராடோவின் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளில் ஒரு வேளைக்கு அனுமதித்த அளவே 10 மில்லிகிராம்தான்.

டெல்டா-8 செடியில் மிகக் கொஞ்சமே இருக்கும். கடையில் கிடைப்பது, ஹெம்பிலுள்ள போதை தராத பொருளான சிபிடியை அமிலத்தோடு வினைபுரியவைத்து மாற்றியது. அது ஹெம்ப் விளக்கத்துக்குள் வரும் என்று 2022-ல் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வணிகச்சின்ன வழக்கில் சொன்னது. என் கவலை வேறு. வினை முடிந்தபின் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால், பெயர் தெரியாத துணைப்பொருட்கள் கலவையில் தங்கிவிடும். எங்கள் கருவி வரையும் கோட்டில் அடையாளம் தெரியாத உச்சிகளாக அவற்றைப் பார்க்கிறேன். பேட்ச் எண்ணோடு ஆய்வறிக்கை இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: சிபிடி எண்ணெய் எடுத்தால் வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டுவேனா?

மாட்டலாம். பரிசோதனை தேடுவது சிபிடியை அல்ல, டிஎச்சி உடலில் சிதைந்து வரும் பொருளை. முதல் கட்டத்தில் வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்தலில் 15. முழுச்சாறு எண்ணெயில் (சிபிடியை மட்டும் பிரிக்காமல் செடியின் சாறு முழுவதையும் வைத்தது) கொஞ்சம் டிஎச்சி இருக்கும், தினமும் எடுத்தால் உடலில் சேரும். டெல்டா-8 எடுத்தாலும் முதல் கட்டத்தில் பாசிட்டிவ் காட்டலாம். சட்டப்படி வாங்கியது என்ற ரசீது அங்கே எடுபடாது.

கேள்வி: டிஎச்சிஏ பூ டிஎச்சியே இல்லை, அமிலம்தான். அப்போ சட்டப்படி சரி, இல்லையா?

பற்றவைக்கும் வரைக்கும்தான் அது அமிலம். சூட்டில் கார்பன்-டை-ஆக்சைடை இழந்து டிஎச்சி ஆகிவிடும். எடை குறைவதால் டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்குவோம். டெல்டா-9 0.2 சதவீதம், டிஎச்சிஏ 20 சதவீதம் என்று அறிக்கையில் இருந்தால் மொத்த டிஎச்சி 17.74 சதவீதம். புகைப்பவருக்கு அது கஞ்சாவேதான்.

அதே வாசகர்: கணக்கு இருக்கட்டும். 2018 சட்டத்தில் ‘டெல்டா-9’ என்றுதானே இருக்கிறது? ‘மொத்தம்’ என்ற சொல்லை நீங்களாகச் சேர்க்கிறீர்கள்.

நான் சேர்க்கவில்லை. ஹெம்பின் விளக்கத்தில் டெல்டா-9 மட்டும் இருப்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டம், வயலில் சோதிக்கும்போது அமிலத்தை டிஎச்சியாக மாற்றி அளக்கும் முறையைக் கேட்கிறது. வேளாண் துறையின் 2021 விதியும் மொத்த டிஎச்சியைத்தான் கேட்கிறது. அந்தச் சோதனை அறுவடைக்கு முன் 30 நாட்களுக்குள் நடக்கும். பூ அதற்குப் பிறகும் முதிரும். விற்பவர்கள் நுழைந்த இடைவெளி அதுதான்.

இன்னொரு வாசகர்: அவர் சொல்வதுதான் சரி. நான் வாங்கிய பூ பாக்கெட்டில் டெல்டா-9 0.2 என்று லேப் ரிப்போர்ட்டே இருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டில் அடுத்த வரியையும் படியுங்கள். பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி மாதிரியைச் சூடாக்காது, அதனால் அமிலத்தைத் தனியாகக் காட்டும். 0.2 பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

இந்த வாக்குவாதத்துக்கு ஆயுள் குறைவு. 2025 நவம்பர் 12-ல் கையெழுத்தான செலவினச் சட்டம் விளக்கத்தையே மாற்றிவிட்டது. டிஎச்சிஏ சேர்த்து மொத்தமாக 0.3 சதவீதம்தான் வரம்பு. ஆய்வகத்தில் தயாரித்த கன்னபினாய்டு ஹெம்ப் ஆகாது. விற்பனைக்கு வரும் ஒரு டப்பாவில் மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்மிக்கு இல்லை, டப்பாவுக்கு. இது அமலாகும் தேதி 2026 நவம்பர் 12 என்று எழுதியிருக்கிறார்கள். டெல்டா-8, டிஎச்சிஏ பூ மட்டுமில்லை, முழுச்சாறு சிபிடி எண்ணெய்களும் பெரும்பாலும் இதில் அடிபடும்.

கேள்வி: டெல்டா-8 மட்டும்தான் எடுத்தேன். டிரக் டெஸ்டில் வருமா?

மேலே சொல்லிவிட்டேன். வரலாம்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் கஞ்சாவே சட்டப்படி சரி. பயப்பட வேண்டுமா?

வேண்டும். குடியேற்றம் மத்தியச் சட்டம் பார்க்கும் விஷயம், மாநிலச் சட்டம் அங்கே காப்பாற்றாது. மாநிலம் அனுமதித்தாலும் மரிஹுவானா தொடர்பான செயல் குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019-ல் கொள்கையாகவே வெளியிட்டது. ஹெம்ப் என்று வாங்கியது சோதனையில் 0.3-ஐத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது மரிஹுவானா. இந்த நிலையில் இருப்பவர்கள் டிஎச்சி வகை எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே சிக்கல் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வழியாக ஊருக்குப் போகிறேன். பையில் கம்மி இருந்தால்?

வெளியே எடுத்துவிடுங்கள். 0.3 என்பது அமெரிக்கக் கணக்கு. சிங்கப்பூரில் அது செல்லாது, தண்டனை மிகக் கடுமை.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறார். சிபிடி கொடுக்கலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிபிடி கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால் ரத்தத்தில் வார்ஃபரின் அளவு ஏறி, ரத்தக்கசிவு வரலாம். 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸ் சில அரிய வலிப்பு நோய்களுக்கானது, மூட்டுவலிக்கு இல்லை.

கேள்வி: சிபிடி க்ரீம் தடவினால் டெஸ்டில் வருமா?

தோலில் தடவும் க்ரீமில் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் பேட்ச் எண்ணையும் மொத்த டிஎச்சி வரியையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.