தேதியை முதல்ல சொல்லிடுங்க – ஆபீஸ் கேள்வி பதில்

கேள்வி: மேடம், நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டர ஆரம்பத்துல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் பாத்துக்கற வேலைல இருக்கேங்க. வாராவாரம் பையரோட, அதாவது சரக்கு வாங்கறவங்களோட வீடியோ கால் இருக்கும், ஆர்டர் எந்த நிலைமைல இருக்குன்னு நான்தான் சொல்லணும். நல்லா தயார் பண்ணிட்டுதான் உக்கார்றேன், ஆனா ரெண்டு நிமிஷம் பேசறதுக்குள்ள அவங்க குறுக்க பூந்து "அப்ப ஷிப்மென்ட் எப்ப"ன்னு கேட்டுடறாங்க, எனக்கு கை கால் உதறி எல்லாம் மறந்துடுது, அப்புறம் மேனேஜரே பேசி முடிச்சிடறார். என் இங்கிலீஷ்தான் காரணமாங்க? ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேரட்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கிளாஸ் சேரணும்னா சேரும்மா, ஆனா இந்தப் பிரச்சினை அதனால தீராது. அவங்க உங்க கிராமரைத் திருத்தல, தேதி கேக்கறாங்க. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வேலை நடந்த வரிசைலயே சொல்லுவோம், நூல் லேட்டா வந்துச்சு, நிட்டிங் தள்ளிப்போச்சு, டையிங்ல ஷேட் (சாயத்தோட நிறம்) ஒத்துவரல, திரும்பப் போட்டோம், காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்கப் பண்ற வேலை) நேத்துதான் முடிஞ்சுதுன்னு. ஒவ்வொண்ணும் உண்மை, ஒவ்வொண்ணுக்கும் நீங்க ராத்திரி வரைக்கும் போன் பண்ணி அலைஞ்சிருப்பீங்க, ஆனா அந்தப் பக்கம் இருக்கறவங்க கடைக்கு சரக்கு எப்ப வரும்னு தவிச்சிட்டு இருக்காங்க, நீங்க நூல்ல ஆரம்பிச்சா தூத்துக்குடி துறைமுகம் வர்ற வரைக்கும் அவங்களால பொறுமையா உக்கார முடியாது.

அதனால வரிசையத் திருப்பிப் போடுங்க. வாயத் திறந்ததுமே "18ஆம் தேதி போகவேண்டிய 12,000 பீஸ்ல 8,000 அன்னிக்கே போயிடும், நேவி ப்ளூ 4,000 மட்டும் 24ஆம் தேதி போகும்"னு சொல்லிடுங்க. காரணம் ஒரே வரி போதும், ஷேட் ஃபெயில் ஆச்சு, திரும்ப டையிங் போட்டு துணி கட்டிங்க்கு வந்தாச்சு. அப்புறம் அவங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும்ங்கறத கேளுங்க, "ரெண்டு தடவையா அனுப்பலாமா, இல்ல மொத்தத்தையும் 24க்கே அனுப்பவா, இன்னிக்கு சொல்லிட்டீங்கன்னா புக்கிங் போட்டுடறேன்." இத மட்டும் இங்கிலீஷ்ல எழுதி வச்சுக்கிட்டு நாலஞ்சு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள படிச்சா கணக்குல வராது, ஏன்னா நாக்கு தடுக்கற இடம் சத்தமா சொன்னாத்தான் தெரியும். நூல் கதை டையிங் கதையெல்லாம் அவங்க கேட்டா சொல்லிக்கலாம், அப்ப நடுக்கம் வராது, அந்த ஆர்டரப் பத்தி உங்களவிட தெரிஞ்சவங்க அந்த வீடியோ கால்ல யாருமே இல்ல.

இன்னும் ஒண்ணு. லேட்டாகுதுங்கற செய்திய வீடியோ கால்லதான் முதல்முதலா சொல்றதுன்னு வச்சுக்காதீங்க, முந்தின நாளே மெயில் போட்டுடுங்க, கோவப்படறதா இருந்தா அன்னிக்கே பட்டுட்டு மறுநாள் என்ன செய்யலாம்னு பேச வருவாங்க. மேனேஜர்கிட்டயும் முன்னாடியே "சார், முதல் அஞ்சு நிமிஷம் நானே பேசறேன், மாட்டிக்கிட்டா உங்களக் கூப்பிடறேன்"னு கேட்டுடுங்க. அவர் உங்களுக்கு உதவறதா நெனச்சுதான் உள்ள வர்றார், நீங்க சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஓ.எம்.ஆர்ல ஐடி வேலை. மாசாமாசம் கிளையண்டுக்கு பிரசண்டேஷன் பண்றேன். எதையும் விட்டுடக் கூடாதுன்னு எல்லா பாயிண்டையும் ஸ்லைடுல போட்டுடறோம், எழுத்து பொடிசா போயிடுது, யாரும் படிக்கற மாதிரி தெரியல. ஆனா குறைச்சா "அத ஏன் சொல்லல"ன்னு பிரச்சினை வரும்னு பயமா இருக்கு.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, எல்லாத்தையும் போட்டுட்டா சொன்னதா ஆயிடும்னு நெனைக்கறதுதான் ஆபத்து. 2003 ஜனவரில நாசாவோட கொலம்பியா விண்கலம் கிளம்பறப்ப, எரிபொருள் டேங்க் மேல போர்த்தியிருந்த ஃபோம்ல ஒரு துண்டு கழண்டு இடது இறக்கைல அடிச்சுது. கலம் மேல இருக்கறப்பவே இன்ஜினியர்கள் ஆராஞ்சு நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அதுல ஒரு ஸ்லைடோட தலைப்பு, ரொம்ப பயப்பட வேண்டியதில்லங்கற மாதிரி இருந்துச்சு. அதே ஸ்லைடுல கடைசி வரிலதான் உண்மையான விஷயம், டெஸ்ட் பண்ணப்ப அடிச்சுப் பாத்த துண்டு 3 கன அங்குலம், நிஜத்துல அடிச்சது 1,920 கன அங்குலம்னு கணக்கு. 640 மடங்கு! அது மறைக்கப்படல, எழுதித்தான் இருந்துச்சு, உள்ள உள்ள தள்ளி சின்ன புல்லட் பாயிண்டா. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வர்றப்ப கலம் சிதறி கல்பனா சாவ்லா உள்பட 7 பேரும் போயிட்டாங்க. அந்த ஒரு ஸ்லைடாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா விசாரணைக் குழு தன்னோட அறிக்கைல இந்த ஸ்லைடையே எடுத்துக் காட்டி, இன்ஜினியரிங் விஷயத்த முழு அறிக்கையா எழுதாம பவர்பாயிண்ட்ல சுருக்கற பழக்கத்த கண்டிச்சு எழுதுச்சு.

அதனால தலைப்புலயே முடிவ எழுதுங்க. "மார்ச் மாத டெஸ்டிங் நிலவரம்"னு போடாதீங்க, "பேமென்ட் பகுதில 3 பெரிய பக் (கோளாறு) பாக்கி, ரிலீஸ் ஒரு வாரம் தள்ளணும்"னு போடுங்க. கீழ அதுக்கான ஆதாரம் மட்டும். மிச்ச விவரமெல்லாம் தனி டாக்குமெண்டா முந்தின நாளே அனுப்பிடுங்க, அப்ப ஏன் சொல்லலன்னு யாரும் கேக்க முடியாது. அமேசான்ல ஜெஃப் பெசோஸ் 2004லயே மேல்மட்ட மீட்டிங்ல பவர்பாயிண்ட்ட நிறுத்திட்டு, எழுதின பேப்பர எல்லாரும் சத்தமில்லாம படிச்சிட்டு பேச ஆரம்பிக்கற முறையக் கொண்டு வந்தார், உங்க கிளையண்ட்டுக்கு அவ்ளோ தூரம் வேணாம்.

விவாதம் சூடா போறப்ப பவர்பாயிண்ட் ஸ்லைட்ஷோல கீபோர்டுல B எழுத்தத் தட்டினீங்கன்னா திரை கருப்பாயிடும், எல்லாரும் உங்க முகத்தப் பாப்பாங்க. திரும்பத் தட்டினா வந்துடும். அதே மாதிரி ஸ்லைடு நம்பர அடிச்சு என்டர் தட்டினா நேரா அந்த ஸ்லைடுக்குப் போயிடலாம், "ஒரு நிமிஷம், இதோ"ன்னு பத்து ஸ்லைடு பின்னாடி ஓட்டிட்டு இருக்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்ல நான் வாயத் திறக்கறதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுது. என்ன செய்ய?
– வாசகி, மதுரை

பதில்: இடைவெளி கிடைக்கும்னு காத்திருந்தா கிடைக்காது. ஹேண்ட் ரைஸ் பட்டனை அமுக்குங்க, சாட்ல "விலை பத்தி எனக்கு ஒரு விஷயம் இருக்கு"ன்னு ஒரு வரி போடுங்க. மீட்டிங் நடத்தறவங்க அதப் பாத்துட்டு கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னா, பேச்சு தாண்டிப் போனாலும் பரவால்ல, "விலை விஷயத்துக்கு ஒரு நிமிஷம் திரும்பிப் போலாமா"ன்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: பதில் தெரியாத கேள்வி வந்தா சமாளிக்கறது எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: சமாளிக்காதீங்க. "இப்ப என்கிட்ட அந்த நம்பர் இல்ல, சாயங்காலம் 5 மணிக்குள்ள மெயில் பண்றேன்"னு சொல்லிட்டு, கேட்டவர் பாக்கற மாதிரியே நோட்ல எழுதிக்கோங்க. 4:30க்கு அனுப்பிடுங்க.