ஈறிடுக்கில் வாழும் ட்ரைக்கோமோனாஸும் அதன் புரதச் சிதைப்பு நொதிகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வாயில் வாழும் ட்ரைக்கோமோனாஸ் டெனாக்ஸ் என்னும் ஓரணு உயிரிக்குப் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் எதற்கு?

பதில்: முதலாவது தேவை உணவு. பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பிளவில் கசையிழைகளால் நீந்தித் திரியும் இவ்வுயிரி, அங்குள்ள பாக்டீரியாக்களையும் உதிர்ந்த செல்களின் சிதைவுகளையும் விழுங்கி, செல்லுக்குள் இருக்கும் சிறு பைகளில் அவற்றின் புரதங்களைத் துண்டாக்கிக் கொள்கிறது. அந்நொதிகளில் ஒரு பகுதி செல்லுக்கு வெளியேயும் விடப்படுகிறது. ஈறு மருத்துவத்தார் அக்கறை கொள்வது அந்தப் பகுதியில்தான்.

கேள்வி: இவற்றைச் "சிஸ்டீன் வகை" என்று ஏன் அழைக்கிறார்கள்?

பதில்: வெட்டும் வேலையைச் செய்வது நொதியின் மையத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு என்பதால். அருகிலுள்ள ஹிஸ்டிடின் அதன் புரோட்டானை வாங்கிக்கொள்ள, வீரியம் பெற்ற கந்தகம் புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோத்து நிற்கும் பெப்டைடு பிணைப்பைத் தாக்குகிறது. பப்பாளிப் பாலில் உள்ள பாப்பைனும் இவ்வாறே செயல்படுகிறது. கந்தகம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழக்கும் என்பதால், ஆக்சிஜன் குறைந்த ஆழமான ஈறுப்பை (நோயால் ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமான பிளவு) இந்நொதிகளுக்கு உகந்த இடமாகிறது.

கேள்வி: நொதியின் வகையை ஆய்வகத்தில் எப்படி அறிகிறார்கள்?

பதில்: ஜெலட்டின் கலந்த கூழ்மப் பலகையில் நொதிகளை மின்புலத்தால் பிரித்து, அவற்றைச் செயல்பட விட்டுப் பின்னர் சாயமேற்றினால், ஜெலட்டின் செரிக்கப்பட்ட இடங்கள் வெளிறிய பட்டைகளாகத் தெரியும். ஈ-64 என்ற தடுப்பானைச் சேர்த்ததும் ஒரு பட்டை மறைந்தால் அது சிஸ்டீன் வகை என்று கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் ஈறு நோய்க்கு இவ்வுயிரிதான் காரணமா?

பதில்: அவசரப்பட வேண்டாம் என்பேன். இது வெளிவிடும் நொதிகள் 1, 3, 4, 5 ஆகிய வகைக் கொலாஜன்களை, அதாவது திசுக்களுக்கு உறுதி தரும் புரதங்களை, சிதைப்பதை 1991 இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் இரண்டும் ஈற்றின் இழைகளில் மிகுந்தவை. நான்காம் வகை மேல்தோலைத் தாங்கும் அடிப்படலத்தில் உள்ளது. ஆகவே சேதம் விளைவிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக் குழாயில் கொலாஜனை வெட்டுவது வேறு, வாயில் நோயைத் தொடங்கி வைப்பது வேறு. அதே ஈறுப்பையில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா ஜிஞ்சிபைன் எனப்படும் தன் சிஸ்டீன் நொதிகளைச் சுரக்கிறது. நம் வெள்ளணுக்களும் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை விடுகின்றன. எனவே நோயாளியிடமிருந்து எடுத்த நீர்மத்தில் காணும் சிதைப்பை இவ்வுயிரியின் கணக்கில் மட்டும் எழுதுவது முறையன்று. நோயுற்ற ஈறுகளில் இது அதிகமாகக் காணப்படுவது உண்மையே என்றாலும், ஆழமான பையும் மிகுந்த உணவும் கிடைத்ததால் இது அங்கே பெருகியிருக்கவும் கூடும்.

கேள்வி: எச்சிலுக்கு இந்நொதிகளைத் தடுக்கும் ஆற்றல் இல்லையா?

பதில்: உண்டு. எச்சிலில் உள்ள சிஸ்டாட்டின்கள் சிஸ்டீன் நொதிகளைத் தடுக்கும் புரதங்களே. ஆனால் ஆழமான ஈறுப்பையின் அடிவரை எச்சில் எளிதில் சென்று சேர்வதில்லை.

கேள்வி: மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எடுத்துக்கொண்டால் நொதிகள் நின்றுவிடுமா ஐயா?

பதில்: அம்மருந்தின் இலக்கு இந்நொதிகள் அல்ல. ஆக்சிஜன் குறைந்த சூழலில் வாழும் உயிரியின் உள்ளே அது வினைத்திறன் மிக்க பொருளாக மாறி டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது; சுரந்தவன் மடிவானே தவிர, ஏற்கெனவே வெளியே விடப்பட்ட நொதி அப்படியே இருக்கும். பற்காரையை அகற்றி வேர்ப்பரப்பைத் தூய்மை செய்வதே அடிப்படைச் சிகிச்சை. அதனுடன் மருந்தும் வேண்டுமா என்பதைப் பல் மருத்துவர் ஈறுகளைப் பரிசோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.