ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் ஏறவில்லை, என்ன செய்வது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புதிதாக ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்கினேன். கடையில் சேர்த்துக் கொடுத்த ஆன்டிவைரஸ், இந்த புராசஸருக்குப் பொருந்தாது என்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. பட்டறையில் கட்டிங் மெஷினை ஓட்டுவது பழைய 32 பிட் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். ஏற்காட்டில் மாமனார், காபித் தோட்டத்துக் கேமராக்களை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வைத்துப் பதிவு செய்கிறார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆன்டிவைரஸ் வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். மூன்றும் வேறு வேறு வகைக் கம்ப்யூட்டர், வைரஸ் உள்ளே வரும் வழியும் வேறு. முதலில் லேப்டாப்பைப் பார்ப்போம்.

ஸ்னாப்டிராகன் என்பது செல்போனில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகை புராசஸர். இன்டெல், ஏஎம்டிக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை விண்டோஸ் 11 உள்ளுக்குள் மொழிமாற்றி ஓட்டிவிடும். அதனால்தான் மற்றதெல்லாம் ஓடும்போது இது மட்டும் ஏன் ஓடவில்லை என்று குழப்பம் வருகிறது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இடைமறித்துப் பார்க்க வேண்டியது ஆன்டிவைரஸின் வேலை. அதற்காக அதன் ஒரு பகுதி டிரைவராக விண்டோஸின் அடிமட்டத்தில் போய் உட்கார வேண்டும். டிரைவர்களுக்கு அந்த மொழிமாற்றம் கிடையாது. ஏஆர்எம்முக்கென்றே எழுதியிருந்தால்தான் ஏறும். பழைய பிரின்டரின் டிரைவர் இந்த லேப்டாப்பில் மக்கர் செய்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். அதில் ஏஆர்எம் என்று இருந்தால், பெட்டியில் 'விண்டோஸ் 11' என்று மட்டும் போட்டிருக்கும் ஆன்டிவைரஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் 'ஏஆர்எம்64' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். அது ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டது, தனிக் காசும் இல்லை. ஆனால் ஒரு வசதியை நீங்களாகப் போய்த் திறக்க வேண்டும். ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' என்ற பகுதிக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கிறது. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். அதைப் போட்டு, கொலுசு டிசைன் ஃபோல்டரையும் கணக்கு ஃபோல்டரையும் அதில் சேர்த்துவிடுங்கள். அனுமதி இல்லாத மென்பொருள் அவற்றில் கை வைக்க முடியாது. உங்கள் கணக்கு மென்பொருளையே அது தடுத்தால், அனுமதிப் பட்டியலில் ஒருமுறை சேர்த்தால் சரியாகிவிடும். கடையில் வாங்கிய கீயை, வீட்டில் இன்டெல் கம்ப்யூட்டர் இருந்தால் அதற்குப் போடுங்கள்.

லேப்டாப்பை ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் சிக்னல் இல்லாமல் பல நாள் கிடந்தால், டிஃபெண்டரின் அப்டேட் ஃபைலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். 32 பிட், 64 பிட், ஏஆர்எம் என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு ஏஆர்எம்.

அப்புறம் அந்த விண்டோஸ் 7. மூன்றில் எனக்குப் பயம் தருவது இதுதான். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும், போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டின. மாட்டியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. இனி அப்டேட்டே வராத கம்ப்யூட்டரை ஆன்டிவைரஸ் மட்டும் காப்பாற்றிவிடாது. லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் கழற்றுங்கள். கட்டிங் மெஷின் ஓட இன்டர்நெட் தேவையில்லை என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

மீதி இருக்கும் வழி பென் டிரைவ். டிசைன் போடுபவர், ஜெராக்ஸ் கடை, பட்டறை என்று ஊர் சுற்றும் பென் டிரைவ்தான் வைரஸைக் கொண்டுவரும். பட்டறைக்கென்று ஒன்றைத் தனியாக வையுங்கள். வெளியிலிருந்து வரும் டிசைனை முதலில் ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் செருகி, ரைட் க்ளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்தபின் அந்தத் தனிப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி வைப்பதும் அவசியம். 'புது டிசைன்' என்று பெயர், மஞ்சள் ஃபோல்டர் படம், ஆனால் பெயரின் முடிவில் டாட் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது ஃபோல்டரே இல்லை, வைரஸ். ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி முளைத்திருந்தாலும் திறக்காதீர்கள். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதன் பெயரில் ஷார்ட்கட் வைப்பது இவற்றின் பழைய வேலை.

இந்தக் கம்ப்யூட்டரிலும் ஆன்டிவைரஸ் வேண்டும் என்றால், 32 பிட் விண்டோஸ் 7-க்கு இன்னும் ஆதரவு தரும் நிறுவனம்தானா என்று கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டால் பாதியில் நின்றால், புதிய மென்பொருளில் இருக்கும் ஷா-2 என்ற டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்காதது காரணமாக இருக்கலாம். கேபி4474419 என்ற பழைய அப்டேட்டைப் போட வேண்டியிருக்கும். ஆன்டிவைரஸைவிட முக்கியமாக, ஹார்டு டிஸ்க்கை குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருளால் அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். வைரஸ் வந்தாலும் டிஸ்க் செத்தாலும் அதை மாட்டி அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். கட்டிங் மெஷினின் மென்பொருளைத் திரும்பத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

மாமனாரின் ராஸ்பெர்ரி பை லினக்ஸில் ஓடுவது. அபூர்வமான ஹார்டுவேருக்கு வைரஸ் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2016-இல் வந்த மிராய் என்ற வைரஸ், ஏஆர்எம், மிப்ஸ், பவர்பிசி என்று கண்ட புராசஸருக்கெல்லாம் தனித்தனியாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், ரவுட்டர்கள்தான் அதற்கு இரை. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்பதுதான் அது நுழைந்த வழி. ராஸ்பெர்ரி பையிலும் 2022 ஏப்ரல் வரை 'பை' என்ற பயனர் பெயர் தானாகவே இருந்தது, அதன் பாஸ்வேர்டு 'ராஸ்பெர்ரி'. மாமனாரின் மெமரி கார்டு அதற்கு முன்பு தயாரானது என்றால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேமராவின் பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான். சேலத்தில் இருந்தபடி தோட்டத்தைப் பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல், திறந்து வைத்திருந்தால் அதை மூடிவிட்டு, வயர்கார்டு போன்ற விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகப் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பையில் கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் ஓடும். ஆனால் அதைத் தயாரிப்பவர்களே 3 ஜிபி அளவுக்கு மெமரி கேட்கிறார்கள். 1 ஜிபி பையில் போட்டால் கேமரா பதிவே திக்கும். விண்டோஸில் திறக்கும் ஃபைல்களையும் அந்தப் பையில் சேமிப்பதாக இருந்தால் மட்டும் போடலாம். வெறும் கேமராவுக்கு வேண்டாம், மாதா மாதம் அப்டேட் செய்தால் போதும்.

எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் ஐகார் சோதனை ஃபைலை வைத்து ஒருமுறை பாருங்கள். வெறும் 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது. எல்லா நல்ல ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் தளத்திலிருந்து அந்த எழுத்துகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமித்துத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை வரவில்லை என்றால், திரையில் பச்சை டிக் இருந்தாலும் உங்கள் ஹார்டுவேரில் அது வேலை செய்யவில்லை. டிரையல் நாட்கள் முடிவதற்குள் இதைச் செய்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.