கன்னியாகுமரி மாவட்டத்தில் வானொலியும் டிவியும் எப்படி வந்தன? நாகர்கோவிலுக்கென்று சொந்த நிலையம் இருந்ததா?

இருந்தது. இன்றும் இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமே நாகர்கோவிலில்தான் தொடங்கியது, 1984 அக்டோபர் 30 அன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை ஒரு வரி விடையாக மனப்பாடம் செய்திருப்பார்கள். அது எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பது அந்த ஒரு வரியில் வராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அப்பா தக்கலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். ரிப்பேருக்கு வந்த பெட்டியைப் போட்டதும் எந்த நிலையம் பாடுகிறதோ, அதை வைத்தே அது எந்தப் பக்கத்துப் பெட்டி என்று அப்பா சொல்லிவிடுவார். குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் என்றால் திருவனந்தபுரம். தோவாளை, ஆரல்வாய்மொழி என்றால் திருநெல்வேலி. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடல்புறத்துப் பெட்டி என்றால் பெரும்பாலும் கொழும்பு. திருவனந்தபுரம் 1161 கிலோ ஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197. டயலில் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். முள்ளை ஒரு நூல் தள்ளினால் மலையாளம் போய்த் தமிழ் வந்துவிடும். ஒரே மாவட்டம், மூன்று ஊர்க் குரல்கள். எங்கள் ஊர்க் குரல் மட்டும் அதில் கிடையாது.

இதற்குக் காரணம் பழைய வரலாறு. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் நிர்வாகத்தில் திருவனந்தபுரத்தைப் பார்த்தே இருந்தவை. திருவிதாங்கூர் அரசு 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு வானொலி என்றால் அதுதான். தமிழ் கேட்க வேண்டுமானால் 1938-இல் வந்த சென்னை, 1939-இல் வந்த திருச்சி. இரண்டும் தூரம் என்பதால் ராத்திரி ஆனால்தான் ஓரளவு கேட்கும். 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகுதான் பகலிலும் தெளிவான தமிழ் வீட்டுக்குள் வந்தது. அந்த நிலையம் எங்களுக்கு நிறைய செய்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பரப்பு பெரிது. தாமிரபரணிப் பாசனத்துக்குச் சொல்லும் விவசாயக் குறிப்பைக் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் கேட்டு என்ன செய்வார்?

கொழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழ்நாடு முழுக்க உண்டு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை இன்றும் பேசியே காட்டுவார்கள். எங்கள் கடற்கரையில் அது வெளியூர் நிலையமாகவே தோன்றியதில்லை. மத்திய அலை (மீடியம் வேவ்) நிலத்தில் போவதைவிட உப்புத் தண்ணீர் மேல் வெகுதூரம் வலுக்குறையாமல் போகும். குமரி முனைக்கும் கொழும்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், பெரும்பாலும் கடல். அதனால் உள்நாட்டில் கரகரத்த கொழும்பு, எங்கள் கடல்புறத்தில் பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். "கொழும்பு கிட்டல்ல அண்ணாச்சி" என்று டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அப்பா வேறு எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார், நேரே பின்மூடியைக் கழற்றிவிடுவார். உப்புக் காற்றில் பேட்டரி முனை பச்சை பிடித்துப் போயிருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் பாதிப் பெட்டிகள் பாடத் தொடங்கிவிடும்.

இந்த நிலையில்தான் 1984 வந்தது. பெரிய நிலையம் ஒன்று ஏழெட்டு மாவட்டங்களுக்குப் பொதுவாகப் பேசுவதற்குப் பதிலாக, ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசும் சின்ன நிலையம் வேண்டும் என்ற யோசனை 1970களின் கடைசியிலேயே வந்துவிட்டது. மக்களை ஸ்டுடியோவுக்கு அழைப்பதைவிட, ஒலிப்பதிவுக் கருவியோடு நிலையத்தார் மக்களிடம் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதை முதலில் செய்துபார்க்க அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்த ஊர் நாகர்கோவில். நிலையம் கோணம் என்ற இடத்தில் இருக்கிறது. இப்போது பண்பலை 101 மெகா ஹெர்ட்ஸில், 10 கிலோவாட் சக்தியில் ஒலிபரப்புகிறது.

ஏன் நாகர்கோவில் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தோன்றுவது இது. சின்ன மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் நெல் வயல், தென்னை, ரப்பர், பூச்சந்தை, மீன்பிடி ஊர் எல்லாம் வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. ஒரு உள்ளூர் நிலையம் உண்மையிலேயே வேலைக்காகுமா என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் அமையாது.

அந்த நிலையம் தொடங்கிய மறுநாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். 1984 அக்டோபர் 31. டெல்லியிலிருந்து அதிகாரபூர்வ அறிவிப்பு சாயங்காலம்தான் வந்தது. அதற்கு முன்பே பிபிசி கேட்டவர்கள் மூலம் செய்தி பரவிவிட்டது. கடை வாசலில் அன்றைக்குக் கூடிய கூட்டத்தை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். புது நிலையத்துக்கு மகிழ்ச்சியோடு கொண்டாட இரண்டாவது நாள்கூடக் கிடைக்கவில்லை. நேரே துக்க இசைக்குள் போய்விட்டது.

பிறகு வந்த வருஷங்கள்தான் எனக்கு முக்கியம். எங்கள் பேச்சு ரேடியோவில் வந்தது. தோவாளைப் பூ வியாபாரி, திங்கள்சந்தை வாழைக்காரர், கடல்புறத்துப் பெண்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசியது வந்தது. வில்லுப்பாட்டு எங்கள் மண்ணின் கலை. கோவில் கொடைத் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டுப் பழகியது, ஸ்டுடியோ மைக் முன்னால் அரை மணி நேரத்துக்குள் சுருங்கித்தான் வந்தது. ஆனாலும் வில்லடிக்கிற புலவர்கள் அந்த அரை மணி நேரத்தை உயிராக நினைத்தார்கள். ரேடியோவில் பாடியவர் என்று சொன்னால் அடுத்த கொடைக்குக் கூலி பேசும்போதே மரியாதை தெரியும். நேயர் விருப்பத்தில் தன் பெயரும் ஊரும் வரும் என்று கடையில் வந்து காத்திருந்தவர்கள் உண்டு. "மேலக்கோட்டுவிளை" மாதிரியான ஊர்ப்பெயரைச் சென்னை அறிவிப்பாளர் தடுமாறித்தான் வாசிப்பார். இங்கே நம் வாய்க்கு வருகிறபடியே வாசித்தார்கள்.

டிவியின் கதை வேறு மாதிரி. நாகர்கோவில் என்று பெயர் போட்டு நிகழ்ச்சி தயாரிக்கிற தூர்தர்ஷன் நிலையம் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. ஆன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்பினோமோ அதுதான் எங்கள் டிவி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தாலும் எங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டும்தான். எங்களுக்கு முதலில் கைக்கு எட்டியது வடமேற்கே இருந்த திருவனந்தபுரம். 1982-இல் அங்கே டிவி வந்தது, 1985 முதல் மலையாள நிகழ்ச்சிகள். கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு வடக்கே திருப்பித் தமிழ் பிடிக்க முயன்றார்கள். மேற்குத் தாலுகாக்களில் மலை மறைக்கும். உயரமான பைப்பும் பூஸ்டரும் இல்லாமல் நடக்காது, அப்போதும் படத்தில் பனிதான் கொட்டும்.

கிழக்கே திருப்பினால் ரூபவாகினி. இலங்கையின் அந்தத் தொலைக்காட்சி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டர் இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. கடல் மேல் காற்று அசையாமல் நின்று, கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும் அடுக்கு அடுக்காக இருக்கும் நாட்களில், டிவி அலை அந்த அடுக்குக்குள் வளைந்து வழக்கத்தைவிட வெகுதூரம் வரும். அதனால் சில நாள் பளிச்சென்று தெரியும், சில நாள் ஒன்றும் இருக்காது. மொட்டை மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்ப, கீழே ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்த, நடுவில் ஒருவர் செய்தி கடத்த, தெருவே அந்த வேலையில் இருக்கும்.

1993-க்குப் பிறகு இந்தத் திசைப் பிரச்சினை முடிந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் சன் டிவி, ஆகஸ்டில் ஏசியாநெட். தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் ஓடியது. அப்போதுதான் உண்மையான நாகர்கோவில் டிவியும் வந்தது என்று நான் சொல்வேன். கேபிள்காரர்கள் நடத்திய உள்ளூர் சேனல்களைத்தான் சொல்கிறேன். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், கோட்டார் சவேரியார் கோவில் திருவிழா, மண்டைக்காடு கொடை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே முழுசாகப் பார்க்க முடிந்தது. திரையின் கீழே பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் ஓடும். படப்பிடிப்பு சுமார்தான். ஆனால் இந்த மாவட்டத்தை இந்த மாவட்டத்துக்கே ஒவ்வொரு நாளும் காட்டியது வேறு எந்த டிவியும் இல்லை. செட்டாப் பாக்ஸ் வந்து ஒளிபரப்பு டிஜிட்டலாக மாறியபோது, புதுக் கருவிகளும் செலவும் தாங்காமல் சின்ன சேனல்கள் பல ஓய்ந்தன.

ஆபத்து நேரத்தில் ஒரு உள்ளூர் நிலையம் எதற்கு வேண்டும் என்பதை எங்கள் மாவட்டம் இரண்டு தடவை பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி சீரழிந்தன. மணக்குடிப் பாலமே அடித்துப் போனது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு அலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்ததும் கடல்புறமே மேட்டைப் பார்த்து ஓடியது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் கேட்டது பேட்டரியில் ஓடுகிற ரேடியோ மட்டும்தான்.

2017 நவம்பர் 30, ஒக்கி. அந்த விஷயத்தை வருத்தமில்லாமல் எழுத எனக்கு முடியாது. புயல் என்ற அறிவிப்பு அன்றைக்குத்தான் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். பண்பலை நேர்கோட்டில் போகிற அலை. கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் பூமியின் வளைவே அதை மறைத்துவிடும். 101-இல் எத்தனை தடவை சொன்னாலும் ஆழ்கடல் படகுக்கு அது எட்டியிருக்காது. பழைய மத்திய அலை அப்படியில்லை, கடல் மேல் வெகுதூரம் போகும். கடலோர மாவட்டத்துக்கு எந்த ஒலிபரப்பு பொருந்தும் என்று முடிவெடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதேபோல, உள்ளூர் நிலையத்தில் வெளியூர் நிகழ்ச்சியை அப்படியே வாங்கி ஒலிபரப்புகிற நேரம் கூடினால், அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தனியார் பண்பலை பற்றியும் நினைக்கிறவர்களுக்கு: 2006-ஐ ஒட்டித் திருநெல்வேலி, தூத்துக்குடிக்குக் கிடைத்தபோது எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் பண்பலை ஏலத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் நாகர்கோவில், கன்னியாகுமரி பெயர் இருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வாசிக்கிற யார் வீட்டிலாவது 1980கள், 90களில் ரேடியோவிலிருந்து பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டோ, உள்ளூர் சேனல் எடுத்த திருவிழா விஎச்எஸ் டேப்போ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் டேப் பூஞ்சை பிடிக்கும், அது ஓடுகிற பிளேயரும் குறைந்துகொண்டே வருகிறது. இப்போதே கணினியில் ஏற்றி, எந்த ஊர், எந்த வருஷம், யார் பாடியது என்று எழுதி வையுங்கள். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே பிளேயரில் போட வேண்டாம், ஹெட் கெட்டுவிடும். முதலில் தெரிந்த ஆளிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.